மிஷின் சத்தத்தோடு மூன்றரை மணி நேரம்: அண்மையில் பார்த்த அயல்மொழிப் படங்கள்

நொய்யல்கரை, திருப்பூர்

ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வாங் பிங்கின் 'யூத்: ஸ்பிரிங்' படத்தை ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். 2023இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் வந்த சீன ஆவணப்படம். மூன்றரை மணி நேரம் ஓடுகிறது. திருப்பூர்க்காரர்கள் இதைப் பற்றிப் பேசாமல் வேறு யார் பேசுவது என்று தோன்றியதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

செஜியாங் மாகாணத்தில் ஜிலி என்று ஓர் ஊர். குழந்தைகள் உடுப்பு தைக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அன்ஹுய் போன்ற வேறு மாகாணங்களின் கிராமங்களிலிருந்து இளவட்டங்கள் வந்து தைக்கிறார்கள். கீழே பட்டறை, மேலே அவர்கள் தங்கும் அறை. 2014 முதல் 2019 வரை வாங் பிங் அவர்களோடேயே இருந்து படம்பிடித்திருக்கிறார். விளக்கம் சொல்லும் குரல் கிடையாது, உட்கார வைத்து எடுத்த பேட்டி கிடையாது, சேர்த்த இசை கிடையாது. பட்டறையில் சத்தமாக ஓடும் காதல் பாட்டும் மிஷின் இரைச்சலும்தான்.

பார்த்த முதல் பத்து நிமிசத்திலேயே எனக்கு உடம்பு நிமிர்ந்துவிட்டது. பவர் டேபிளில், அதாவது மோட்டார் தையல் மிஷினில், உட்கார்ந்திருக்கிற பையனின் கை. துணியின் ஓரத்தைச் சேர்த்து, மிஷின் பாதத்துக்கு அடியில் கொடுத்து, இழுத்து, நூலை அறுத்து, தூக்கிப் பக்கத்தில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறான். இதற்குள் எதிரில் இருக்கிற பெண்ணைக் கேலி செய்கிறான், அவள் திருப்பித் திட்டுகிறாள், இரண்டு பேருக்கும் கை நிற்கவில்லை. பீஸ் ரேட்டுக்கு, அதாவது உருப்படிக் கணக்கில் கூலிக்கு, தைப்பவர்களை நேரில் பார்த்தவர்களுக்கு இது புதிது இல்லை. ஆனால் ஒரு சினிமாக் கேமரா இந்தக் கையைப் பார்த்து இவ்வளவு நேரம் நின்றதை நான் இதுவரை பார்த்தது இல்லை. நம் படங்களில் கதாநாயகன் பனியன் கம்பெனியில் வேலை செய்வான். ஒரு ஷாட்டில் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பான். அடுத்த ஷாட்டில் டீக்கடையில் இருப்பான்.

அப்புறம் கூலி பேசும் காட்சிகள். ஒவ்வொரு பட்டறையிலும் இது வருகிறது. புது மாடல், இத்தனை வேலை, உருப்படிக்கு எவ்வளவு? முதலாளி ஒரு விலை சொல்கிறார், இவர்கள் கூட்டமாகப் போய்க் கேட்கிறார்கள். உள்ளே நுழையும்வரை எல்லாருக்கும் குரல் இருக்கிறது. முதலாளி முன்னால் நின்றதும் இரண்டு பேருக்குத்தான் குரல் இருக்கிறது. மற்றவர்கள் சுவரோரமாக ஒதுங்குகிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. முதலாளியும் அதே தெருவில் கடன் வாங்கித் தொழில் செய்கிற சின்ன ஆள்தான். பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் நம் ஊர் ஜாப் ஒர்க் யூனிட் முதலாளிகளைத் தெரிந்தவர்களுக்கு அந்த முகம் புரியும்.

என்னை அதிகமாகத் தொட்டது வேறு ஒன்று. ஒவ்வொரு தொழிலாளி முதலில் வரும்போதும் திரையில் அவர் பெயர், வயது, சொந்த ஊர் எழுத்தில் வருகிறது. எல்லாருக்கும். எங்கள் பக்கத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைப்பவர்களை 'பெங்காலி', 'ஹிந்திக்காரன்' என்றே ஊர் முழுக்கக் கூப்பிடுகிறது. சனிக்கிழமைச் சம்பள நோட்டில் மட்டும்தான் அவர்கள் பெயர் இருக்கும். இந்தப் படம் அந்த ஒரு மரியாதையை மூன்றரை மணி நேரமும் விடாமல் செய்கிறது.

மற்றவர்கள் அண்மையில் பார்த்த அயல்மொழிப் படங்களையும், பெரிய கம்பெனி எடுக்காத சின்னப் படங்களையும் இங்கேயே எழுதுங்கள்.

ஓவர்லாக், திருப்பூர்

அண்ணா, நீங்கள் எழுதியதை மதிக்கிறேன். நீங்கள் சொன்னதால் நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை. காரணம் போர் அடித்தது இல்லை. நான் ஒன்றரை ஷிப்ட் ஓவர்லாக், அதுதான் துணி ஓரம் அடிக்கிற மிஷின், ஓட்டிவிட்டு வருகிறவன். வீட்டுக்கு வந்தும் அதே சத்தத்தைக் கேட்க என் காது ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்கு ஒரு கேள்வி. இந்தப் படம் யாருக்காக? தைக்கிறவனுக்குத் தைப்பது எப்படி என்று தெரியும். தைக்காதவன் பார்த்து என்ன செய்யப் போகிறான்? பிரான்ஸில் விழா அரங்கத்தில் எழுந்து நின்று கை தட்டியிருப்பார்கள். அந்தப் பையனுக்கு உருப்படிக்குப் பத்துக் காசு கூடியதா?

கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

நொய்யல்கரை, திருப்பூர்

தம்பி, நியாயமான கேள்வி. காசு கூடியிருக்காது. எந்தப் படமும் அதைச் செய்ததாக நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. நம் வேலையைப் பற்றி வெளியில் இருப்பது இரண்டே விதமான படங்கள். ஒன்று, ஏற்றுமதிக் கண்காட்சியில் போடும் விளம்பரம்: வெள்ளை விளக்கு, சிரிக்கும் பெண்கள், 'டாலர் சிட்டி'. இன்னொன்று, செய்திச் சேனலின் பரிதாபம்: இருட்டு அறை, சோகப் பாட்டு. இரண்டிலும் தைப்பவர்கள் பேச மாட்டார்கள். வாங் பிங் படத்தில் அவர்கள் காதலிக்கிறார்கள், கடன் கேட்கிறார்கள், கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகிறார்கள், கர்ப்பமான ஒரு பெண்ணின் வீட்டார் வந்து முதலாளியிடம் லீவுக்கு வாதாடுகிறார்கள். இருபது வயசின் எல்லாக் கூத்தும் அந்த டேபிளைச் சுற்றியே நடந்து முடிகிறது. பரிதாபப்படச் சொல்லாமல் இதைக் காட்டுவதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். யாருக்காக என்ற கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது என்பதும் தெரிகிறது. மற்றவர்கள் சொல்லட்டும்.

கொறங்காடு, காங்கயம்

நான் தையல் பக்கம் இல்லை, பண்ணயம். ஆகவே நிலத்தைப் பற்றிய படம் ஒன்றைச் சொல்கிறேன். கார்லா சிமோன் என்ற பெண் இயக்குநர் எடுத்த 'அல்கராஸ்'. கட்டலான் மொழி. 2022இல் பெர்லின் விழாவில் முதல் பரிசான தங்கக் கரடி வாங்கியது. அந்த வருட நடுவர் குழுவின் தலைவர் மனோஜ் நைட் ஷியாமளன்.

ஸ்பெயினில் கட்டலோனியாப் பகுதி. சோலே என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பீச் பழத் தோட்டம் வைத்திருக்கிறது. நிலம் அவர்கள் பெயரில் இல்லை. உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் நிலக்காரர் குடும்பத்தை இவர்கள் ஒளித்துவைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த நன்றிக்காக, நீங்களே வைத்துப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று வாயால் சொன்னது மட்டும்தான். எழுத்து ஒன்றும் இல்லை. இப்போது நிலக்காரரின் வாரிசு வந்து, இந்தப் போக அறுவடையோடு காலி செய்யுங்கள், சோலார் தகடு போடப் போகிறேன் என்கிறான். வேண்டுமானால் தகடு பராமரிக்கிற வேலை தருகிறேன் என்கிறான். அவன் கெட்ட வார்த்தை ஒன்றும் பேசுவதில்லை.

நம் பக்கத்தில் வாய்ப் பேச்சுக் குத்தகை எத்தனை தோட்டங்களில் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். அப்பன் சொன்ன வார்த்தை மகன் காலத்தில் நிற்பதில்லை. தாராபுரம், மூலனூர் பக்கம் போனால் கிளுவை வேலி போட்டிருந்த மேய்ச்சல் காடுகளில் இப்போது கம்பி வேலியும் கண்ணாடித் தகடும் நிற்கின்றன. கொழுக்கட்டைப் புல்லை நம்பி இருந்த மாடுகளை எங்கே ஓட்டுவது? மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இந்தப் படமும் சொல்லவில்லை. மச்சினன் ஒருத்தன் தகடு வேலைக்கே போய்விடலாம் என்று சாய்கிறான், அவன் பக்கத்து நியாயமும் தெரிகிறது. அதுதான் எனக்குப் பிடித்தது.

இரண்டு காட்சிகளைச் சொல்லியே ஆக வேண்டும். தாத்தா அத்திப் பழம் எடுத்துக்கொண்டு நிலக்காரர் வீட்டுக்குப் போவார். கெஞ்சப் போகிறார் என்று வெளியே சொல்லவில்லை. பழம் கொடுக்கப் போகிறார். நோம்பி (பண்டிகை) நாளில் தோட்டத்தில் விளைந்ததைப் பண்ணாடி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பழகிய கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் தாத்தா காலத்து ஆள்களிடம் பார்த்திருக்கிறேன். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கூடையைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்று, விவசாயிகள் கட்டுபடியாகும் விலை கேட்டு நடத்தும் போராட்டம். பழத்தைத் தரையில் கொட்டுகிறார்கள். உடுமலைப் பக்கம் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டு வருகிறவர்களின் அதே முகம். அந்தக் குடும்பத்தில் நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை, அந்தப் பகுதி ஆள்கள். அப்பா வேசத்தில் வருகிறவர் முதுகைப் பிடித்துக்கொண்டு கூடை தூக்கும்போது அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

தமிழில் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018இல் வந்தது. அதிலும் முடிவில், நிலம் வாங்க ஆயுசு முழுக்க உழைத்தவன் அதே மண்ணில் காற்றாலைக்குக் காவலாளியாக உட்காருவான். பல்லடத்திலிருந்து உடுமலை வரை காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். என் கணக்கில் 'அல்கராஸ்' ஒரு படி மேலே. அழ வைக்க அது எங்கும் அவசரப்படவில்லை.

ரிக் வண்டி, திருச்செங்கோடு

காங்கயம் அண்ணன் எழுதியதும் எனக்கு 'மினாரி' ஞாபகம் வந்துவிட்டது. 2020 படம். அமெரிக்காவில் எடுத்தது, பேசுவது பெரும்பாலும் கொரிய மொழி. பாட்டியாக நடித்த யூன் யோ ஜங் அதற்காக ஆஸ்கர் வாங்கினார். எல்லாரும் பாட்டியைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் கிணற்றைப் பற்றி எழுதுகிறேன்.

அப்பா ஆர்கன்சாவில் நிலம் வாங்குகிறார். நீரோட்டம் பார்க்கிற ஆள் குச்சியோடு வருகிறார். இவர் காசு கொடுக்க மறுத்து, மூளையை வைத்தே தண்ணீர் கண்டுபிடிக்கலாம் என்று மகனுக்குச் சொல்லி, தாழ்வான இடம் பார்த்துத் தோண்டுகிறார். தண்ணீரும் வருகிறது. கொஞ்ச நாளில் வற்றிவிடுகிறது. அப்புறம் காசு கொடுத்துக் குழாய்த் தண்ணீரைப் பயிருக்குப் பாய்ச்சி, வீட்டுக்குத் தண்ணீர் இல்லாமல் போகிறது.

நான் பல மாநிலங்களில் ரிக் வண்டியோடு அலைந்து ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டவன். நம் ஊர் வண்டி போகாத மாநிலம் இல்லை என்பார்கள். துளை இறங்கும்போது முதலில் புழுதி பறக்கும். ஐந்நூறு அடி தாண்டியும் புழுதியே பறந்தால் நிலக்காரர் வண்டிப் பக்கம் வருவதை நிறுத்திவிடுவார். அந்தம்மா வேப்ப மரத்தடியிலேயே நிற்பார். துளை போடும் ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் அவர்களுக்கு அடி கணக்கில் கடன் ஏறுகிறது. புழுதி நின்று சேறாகத் தெறிக்கிற நொடியில் சில வீடுகளில் குழந்தைகள் போய் அதில் நனைவார்கள். சில ஊர்களில் ஆயிரம் அடி போயும் புழுதியோடேயே வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறோம். அப்போது காசு வாங்குவது போலக் கஷ்டம் வேறு இல்லை.

அந்த அப்பாவின் முகத்தில் அதைப் பார்த்தேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. வற்றின கிணற்றைப் பற்றி நீளமான வசனம் எதுவும் இல்லை. கடைசியில் அதே குச்சிக்காரரை வரவழைத்து அவர் பின்னால் குடும்பத் தலைவர் நடக்கிறார். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த நடை என்னை உலுக்கிவிட்டது. தண்ணீருக்காக மனுசன் எதை எதை விட்டுக்கொடுப்பான் என்று பார்த்தவன் நான்.

கீழ்பவானி, கோபி

எல்லாரும் கஷ்டத்தையே எழுதுகிறீர்கள். நான் நிறைவு தந்த ஒரு படத்தைச் சொல்கிறேன். விம் வெண்டர்ஸ் ஜப்பானில் எடுத்த 'பெர்ஃபெக்ட் டேஸ்', 2023. நடித்த கோஜி யாகுஷோவுக்குக் கானில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

ஹிரயாமா என்பவர் டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்கிறார். விடியுமுன்னே எழுந்து, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, வேனில் பழைய கேசட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறார். மத்தியானம் மரத்தடியில் சாப்பாடு. இலைகளுக்கு நடுவில் விழும் வெளிச்சத்தை ஃபிலிம் கேமராவில் படம் எடுக்கிறார். ராத்திரி படுக்கையில் புத்தகம். இவ்வளவுதான்.

ஒரு சின்ன முகக்கண்ணாடி வைத்திருக்கிறார். கழிப்பறைப் பீங்கானின் அடிப்புறம் நேரே தெரியாது அல்லவா, அங்கே கண்ணாடியைப் பிடித்து அழுக்கு இருக்கிறதா என்று பார்த்துத் துடைக்கிறார். யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. கூட வேலை செய்யும் இளைஞன்கூட எப்படியும் திரும்ப அழுக்காகத்தான் போகிறது என்கிறான். இவர் துடைக்கிறார். இருபது வருசத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன், யாரும் பார்க்காத இடத்தில் ஒழுங்காக வேலை செய்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு கழிப்பறையில் யாரோ சொருகி வைத்த காகிதத்தில் கட்டம் போட்ட விளையாட்டு ஒன்று இருக்கும். முகம் தெரியாத அந்த ஆளோடு தினம் ஒரு கட்டமாக அதை ஆடுவார். அதைப் பார்த்துவிட்டு நான் வெகுநேரம் மனசு லேசாக இருந்தேன்.

உக்கடம், கோவை

கீழ்பவானி அக்கா, இந்தப் படத்தைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து இருக்கிறது. உங்களை வருத்துவதற்காக எழுதவில்லை.

படம் பிறந்த கதையைச் சொல்கிறேன். டோக்கியோ ஷிபுயா பகுதியில் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களை வைத்து 17 பொதுக் கழிப்பறைகள் கட்டினார்கள். அந்தத் திட்டத்தைத் தொடங்கிய கோஜி யானாய் தான் படத்தின் தயாரிப்பாளரும். யூனிக்லோ துணிக் கம்பெனியை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தக் கழிப்பறைகளை வைத்துக் குறும்படம் மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்று வெண்டர்ஸை அழைத்தார்கள், அவர் முழுப் படமாக எடுத்துவிட்டார். அதனால்தான் கழிப்பறைகள் அத்தனை அழகாக இருக்கின்றன.

அது கிடக்கட்டும். ஹிரயாமாவின் தங்கச்சி டிரைவர் ஓட்டும் பெரிய காரில் வந்து, நிஜமாகவே கழிப்பறை கழுவுகிறாயா என்று கேட்பாள். அதாவது இவர் வசதியான வீட்டுப் பிள்ளை. இந்த வேலையைத் தானே தேர்ந்துகொண்டவர். எங்கள் தெருவில் விடிகாலை வண்டி ஏறுகிற யாரும் இந்த வேலையைத் தேர்ந்துகொண்டவர்கள் இல்லை. அவர்கள் அம்மா செய்தார், பாட்டி செய்தார். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. அதற்கு அப்புறமும் மலக்குழியில் இறங்கிச் செத்தவர்களின் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. கொங்கு நாட்டில் இந்த வேலை யார் தலையில் விழுகிறது என்று இங்கே எழுதுகிற எல்லாருக்கும் தெரியும்.

நிம்மதியாக இருக்கிறார், மரத்தைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று காட்டும்போது, இந்த வேலையில் நிறைவு இருக்கிறது என்று பார்க்கிறவர் வீட்டுக்குப் போய்விடுவார். என் பாட்டி கையில் கண்ணாடி இருந்தது இல்லை. கையுறையும் இருந்தது இல்லை.

கீழ்பவானி, கோபி

தம்பி, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு மறுபடியும் படத்தைப் போட்டுப் பார்த்தேன். தேர்ந்துகொண்டவர், தேர்ந்துகொள்ளாதவர் என்று நீங்கள் பிரித்தது சரியான இடம். அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு காட்சியை நீங்கள் விட்டுவிட்டீர்கள். தொலைந்துபோய்க் கழிப்பறையில் அழுதுகொண்டிருக்கும் ஒரு சின்னப் பையனை இவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வருவார். அம்மா ஓடி வருகிறாள். இவருக்கு நன்றி சொல்லவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. முதல் வேலையாக ஈரத் துணியை எடுத்து, இவர் பிடித்திருந்த பிள்ளையின் கையைத் துடைக்கிறாள். சில நொடிதான் வரும் காட்சி. ஹிரயாமா ஒன்றும் பேசாமல் நிற்பார். பையன் திரும்பி அவருக்குக் கை அசைப்பான்.

அந்த ஈரத் துணியை வெண்டர்ஸ் தெரியாமல் வைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. தங்கள் ஊர் வெளிச்சத்துக்குள்ளேயும் இது இருக்கிறது என்று காட்டத்தான் வைத்திருக்கிறார். டீச்சராக எனக்கு இன்னொன்றும் தோன்றியது: கழிப்பறை கழுவச் சில பிள்ளைகளை மட்டும் அனுப்பிய பள்ளிக்கூடங்களைப் பற்றி நாம் செய்தியில் படித்திருக்கிறோம். அந்த அம்மா துடைத்த கை நம் ஊரில் வகுப்பறை வரைக்கும் நீள்கிறது.

உக்கடம், கோவை

அந்தக் காட்சி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது அக்கா. அந்த இடத்தில் நான் அழுதேன். அதனால்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். அதைத் தெரிந்த இயக்குநர் அங்கேயே நின்றிருக்கலாம். அடுத்த நிமிசம் பாட்டுப் போட்டுக்கொண்டு வண்டி கிளம்பிவிடுகிறது.

ஓவர்லாக் அண்ணன் 'யாருக்காக' என்று கேட்டாரே, அதற்கு ஒரு படம் இருக்கிறது. ராகுல் ஜெயின் எடுத்த 'மெஷின்ஸ்', 2016. குஜராத்தில் ஒரு சாயப்பட்டறை, துணி ஆலை. எழுபது நிமிசத்துக்குச் சற்று மேல். இயக்குநரின் தாத்தாவே சூரத்தில் ஆலை வைத்திருந்தவர். கேமரா மிஷின்களுக்கு நடுவே ஊர்ந்து போகிற அழகைப் பார்த்து முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நின்றுகொண்டே தூங்கி விழும் ஒரு பையனை நீளமாகக் காட்டுகிறார். கண் சொருகும், தலை சாயும், உதறி எழுவான், மறுபடியும் சொருகும். அவனை எழுப்பாமல் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாரே என்று துடித்தேன்.

பிறகு ஒரு காட்சி வருகிறது. ஆலைக்கு வெளியே தொழிலாளிகள் கூட்டமாகக் கேமராவைச் சூழ்ந்துகொள்கிறார்கள். தலைவர்கள் வருகிறார்கள், கேட்கிறார்கள், போய்விடுகிறார்கள், நீயும் அப்படித்தான் போவாயா, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல் என்கிற தோரணையில் கேட்கிறார்கள். இயக்குநரிடம் பதில் இல்லை. வெட்டி எறிந்திருக்கலாம், எறியவில்லை. தன்னைக் குற்றக் கூண்டில் நிறுத்தும் கேள்வியைத் தன் படத்துக்குள்ளேயே விட்டுவைத்ததற்காக அவரை மதிக்கிறேன். 'பெர்ஃபெக்ட் டேஸ்' படத்தில் இப்படி ஒரு கேள்வி கேட்க யாருமே இல்லை.

வெரைட்டி ஹால் ரோடு, கோவை

இளைஞர்கள் நன்றாகப் பேசுகிறீர்கள். வயசானவன் சொல்ல ஒரு சின்ன விசயம்தான். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் தியேட்டர் கட்டிய தெரு என் தெரு. இந்த ஊருக்கு உலக சினிமா புதிது இல்லை. கோணங்கள் திரைப்படச் சங்கம் போட்டுக் காட்டிய படங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு கூட்டமே கோவையில் இருக்கிறது. டிசம்பரில் திருவனந்தபுரம் விழாவுக்கு ரயில் ஏறுகிறவர்களும் உண்டு.

வேலையைக் காட்டுகிற படம் என்றால் எர்மான்னோ ஓல்மியின் 'தி ட்ரீ ஆஃப் வுடன் கிளாக்ஸ்' பாருங்கள். 1978இல் கானில் முதல் பரிசான தங்கப் பனை வாங்கியது. பெர்கமோ பகுதி விவசாயிகளையே நடிக்க வைத்து, அவர்கள் பேச்சிலேயே எடுத்தது. பள்ளிக்கூடம் போகிற மகனுக்குச் செருப்புச் செய்ய அப்பன் ஒரு மரத்தை வெட்டுகிறான், மரம் நிலக்காரனுடையது. மிச்சத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓவர்லாக், திருப்பூர்

நொய்யல்கரை அண்ணன் எனக்குத் தனியாக ஒரு படம் அனுப்பினார். 'டூ டேஸ், ஒன் நைட்'. டார்டென் சகோதரர்கள் 2014இல் எடுத்த பெல்ஜியம் படம். ஒன்றரை மணி நேரம்தான். இதை முழுசாகப் பார்த்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

முடிவையும் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் தாண்டிப் போங்கள்.

சாண்ட்ரா என்ற பெண் மன அழுத்தத்தால் லீவில் இருந்துவிட்டு வருகிறாள். அவள் இல்லாமலே வேலை ஓடிவிடுகிறது என்று முதலாளி கண்டுபிடிக்கிறார். கூட வேலை செய்யும் 16 பேரிடம் ஓட்டுப் போடச் சொல்கிறார்: ஆளுக்கு 1000 யூரோ போனஸ் வேண்டுமா, சாண்ட்ரா வேண்டுமா? பெரும்பாலும் எல்லாரும் போனஸ் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை மறு ஓட்டு. நடுவில் சனி, ஞாயிறு. அவள் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறாள்.

தீபாவளி போனஸ் என்றால் எங்கள் வீட்டில் என்ன என்று சொல்கிறேன். பிள்ளைகள் துணி, நகைக்கடன் வட்டி, மாமியார் ஊருக்குப் பஸ் காசு எல்லாம் அதற்குள்தான். கேட்டால் நான் எதைச் சொல்லியிருப்பேன்? படம் முழுக்க இதே கேள்வி என்னை விடவில்லை. போனஸ் வேண்டும் என்கிறவர்கள் யாரும் பேராசைக்காரர்கள் இல்லை. ஒருத்தர் வீட்டில் மகள் படிப்பு, இன்னொருத்தர் ஞாயிற்றுக்கிழமையும் வேறு வேலை பார்க்கிறார். ஃபுட்பால் மைதானத்தில் ஒருத்தன் அவளைப் பார்த்ததுமே அழுதுவிடுகிறான், முதலில் அவளுக்கு எதிராக ஓட்டுப் போட்டோமே என்று.

கடைசியில் எட்டுக்கு எட்டு. முதலாளி கூப்பிட்டு, உன்னை எடுத்துக்கொள்கிறேன், காண்ட்ராக்டில் இருக்கிற ஆளின் காலம் முடிந்ததும் அவனைப் புதுப்பிக்க மாட்டேன் என்கிறார். அந்த ஆள் பயந்துகொண்டே அவளுக்கு ஓட்டுப் போட்டவன். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறாள்.

எங்கள் கம்பெனியில் ஆர்டர் குறைந்தபோது காண்ட்ராக்ட்டில் இருந்தவர்களைத்தான் முதலில் நிறுத்தினார்கள். ஹிந்திக்காரர்கள்தானே என்று நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. இதை யாரும் ஓட்டுக்கு விட்டது இல்லை, விட்டிருந்தால் ஒரு வேளை பேசியிருப்போம். யாருக்காக என்று நான் கேட்ட கேள்வியை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் இந்தப் படம் என்னோடு தைக்கிறவர்கள் பார்க்க வேண்டிய படம்.

நொய்யல்கரை, திருப்பூர்

தம்பி எழுதியதைப் பலமுறை படித்தேன். 'யூத்' படத்தின் இரண்டாம் பாகமும் பார்த்துவிட்டேன், 'ஹார்ட் டைம்ஸ்', 2024இல் லொகார்னோ விழாவில் வந்தது. கூலி நோட்டைத் தொலைத்த ஒரு பையன் அதில் வருகிறான். தைத்த உருப்படிக் கணக்கு எல்லாம் அந்த நோட்டில்தான். நோட்டு இல்லை, ஆகவே காசு இல்லை என்கிறார் முதலாளி. இன்னொரு பட்டறையில் முதலாளி சம்பளம் கொடுக்காமல் ஓடிவிடுகிறார். தொழிலாளிகள் மிஷின்களை விற்று வருகிற காசையாவது பங்கிட்டுக்கொள்ளப் பார்க்கிறார்கள். முதல் பாகத்தில் இருந்த சிரிப்பு இதில் குறைவு. ஆனால் கூலிக்கு எது சாட்சி என்ற கேள்வியில் இது அதைவிடக் கூர்மையான படம். சீசன் முடிவில் மொத்தமாகக் கணக்குப் பார்க்கும் அவர்கள் முறையைப் பார்த்த பிறகு, வாராவாரம் சனிக்கிழமை சம்பளம் என்பதைப் பழைய ஆள்கள் ஏன் விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைத்தார்கள் என்று விளங்குகிறது.

ஓவர்லாக், திருப்பூர்

அண்ணா, அப்படியென்றால் ஒன்று செய்வோம். எங்கள் தெருவில் ஒரு யூனிட்டின் மேல்மாடி ஞாயிற்றுக்கிழமை காலியாகத்தான் இருக்கும். 'டூ டேஸ், ஒன் நைட்' போடலாம். ஒன்றரை மணி நேரம் என்பதால் சமையல் முடித்துவிட்டுப் பெண்களும் வருவார்கள். கீழே ஓடும் எழுத்தை எங்கள் ஆள்கள் படிக்க மாட்டார்கள், வேகமாக ஓடுகிறது, ஆங்கிலம் வேறு. நான் படத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு தமிழில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருகிறேன். ஒடிசாப் பையன்களுக்கு ஹிந்தியில் சொல்ல என் பக்கத்து டேபிளில் ஒருத்தர் இருக்கிறார், கேட்டுப் பார்த்தேன், சரி என்றார்.

வெரைட்டி ஹால் ரோடு, கோவை

தாராளமாகச் செய்யுங்கள் தம்பி. ஊமைப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லிக்கொண்டேதான் இருப்பார். ஜனங்கள் அப்படித்தான் சினிமா பார்த்தார்கள். காட்டுவதற்கு முறையான அனுமதி எப்படி வாங்குவது என்று மட்டும் முதலில் திரைப்படச் சங்கத்துக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உக்கடம், கோவை

ப்ரொஜெக்டர் என் நண்பரிடம் இருக்கிறது, ஸ்பீக்கர் சுமாரானது. வெள்ளைத் துணிக்குத் திருப்பூரில் பஞ்சம் இருக்காது. நான் கொண்டுவந்து தருகிறேன். படத்தின் கடைசி ஓட்டுக் காட்சி முடிந்ததும் உடனே விளக்கைப் போட்டுவிடாமல், எல்லாரையும் பேச விடுங்கள் அண்ணா. முதலில் அந்த ஒடிசாக்காரர்களைப் பேசச் சொல்லுங்கள்.